ஃப்ளைகேமா, ஜிம்பலா? ஒற்றை ஆளின் கணக்கு

புதிதாகக் கேமரா வாங்கிய தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “அண்ணே, ஜிம்பல் வாங்கணுமா, ஃப்ளைகேம் மாதிரி ஏதாவது ஒண்ணு போதுமா?” இரண்டுமே நடந்துகொண்டு எடுக்கும்போது கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவிகள். ஜிம்பலில் மோட்டார் உண்டு, ஃப்ளைகேமில் இல்லை. ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், தனியாகப் படம் எடுப்பவர் ஜிம்பல் வாங்குங்கள். ஆனால் அதற்கு எல்லாரும் சொல்லும் காரணம், ‘ஷாட் ஸ்மூத்தா வரும்’ என்பது, எனக்கு ஒப்பாது. பழகிய கையில் ஃப்ளைகேமும் ஸ்மூத்தாகத்தான் வரும். இரண்டிலும் எடுத்ததை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் எது எதில் எடுத்தது என்று பெரும்பாலானவர்களுக்குச் சொல்லத் தெரியாது. எடுத்தவனுக்குத் தெரியும். அவனுக்கு எத்தனை கை மிச்சம் இருந்தது, எவ்வளவு கவனம் மிச்சம் இருந்தது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

நான் நாகர்கோவில்காரன். கல்யாண வீடியோ சோறு போடுகிறது. மிச்ச நேரத்தில் இந்தப் பக்கத்துத் தொழில்களைப் பற்றிச் சின்னச் சின்னப் படங்கள் எடுக்கிறேன். தோவாளைப் பூச்சந்தை, ராட்டில் கயிறு திரிப்பவர்கள், முட்டம் கடற்கரை. உதவிக்கு ஆள் கிடையாது. ஃபோகஸ் பார்ப்பதும் நான், மைக் மாட்டுவதும் நான், “அக்கா, கேமராவப் பாக்காதீங்க” என்று கெஞ்சுவதும் நானே. கேமரா சோனி இசட்வி-இ10, லென்ஸ் சிக்மா 16 எம்.எம். எஃப் 1.4. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 750 கிராம். இந்த முக்கால் கிலோதான் பின்னால் பெரிய பிரச்சினையாகப் போகிறது.

முதலில் மோட்டார் இல்லாத வகை. பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு கம்பி, மேல்முனையில் கேமரா, கீழ்முனையில் வட்டவட்டமான எடைத் தகடுகள், நடுவுக்குச் சற்று மேலே பேரிங் வைத்த ஒரு மூட்டு, அதில் கைப்பிடி. (அந்த மூட்டுக்கும் ஜிம்பல் என்றுதான் பெயர். குழம்ப வேண்டாம் என்று இங்கே மூட்டு என்றே எழுதுகிறேன்.) கை நடுங்கும், ஆனால் பேரிங் வழுக்கிக்கொண்டு போவதால் அந்த நடுக்கம் கம்பிக்குப் போவதில்லை. எடை இரண்டு முனைகளிலும் விலகி இருப்பதால் கம்பியைத் திருப்புவது கடினம். சின்ன உதறலுக்கெல்லாம் அது அசைந்து கொடுக்காது. பேட்டரி இல்லை, சர்க்யூட் இல்லை, இயற்பியல் மட்டும்.

அமெரிக்காவின் காரெட் பிரவுன் 1970-களில் ஸ்டெடிகேமை உருவாக்கியது இதே தத்துவத்தில்தான். 1976-ல் வெளிவந்த படங்களில் அது முதலில் திரைக்கு வந்தது, 1978-ல் அதற்காக ஆஸ்கர் கிடைத்தது. அதில் உடம்பில் மாட்டும் ஒரு கவசமும், ஸ்பிரிங் வைத்த ஒரு கையும் உண்டு. கனமான ஃபிலிம் கேமராவைச் சுமக்க அவை வேண்டியிருந்தன. ஒற்றை ஆளுக்கு அந்த முழு செட் சரிப்படாது. மாட்டவும் கழற்றவும் தனி ஸ்டாண்ட் வேண்டும், அந்த ஸ்டாண்டைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும், பூக்கட்டும் அக்கா வீட்டு வாசலில் அதோடு நுழையவே முடியாது. அதனால் நாம் பேசுவது கையில் பிடிக்கும் சின்ன வகையைப் பற்றி. அமெரிக்காவின் க்ளைட்கேம், நம் நாட்டிலேயே தயாராகும் ஃப்ளைகேம், இப்படி. என்னிடம் இருப்பது ஃப்ளைகேம்.

இப்போது அந்த முக்கால் கிலோவுக்கு வருவோம். இந்த வகைக் கருவியில் எடைதான் மருந்து. கேமரா கனமாக இருந்தால் தானே அசையாமல் நிற்கும். கேமரா இலேசாக இருந்தால், அதை அசையாமல் வைக்க நாமே எடை சேர்க்க வேண்டும். என் கேமராவை வைத்து, கம்பி, கைப்பிடி, கீழ்த் தகடுகள் எல்லாம் சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்குகிறது. அவ்வளவையும் ஒற்றைக் கையில் தூக்க வேண்டும். கேமரா கம்பெனிகள் வருஷாவருஷம் எடையைக் குறைத்துக்கொண்டே வர, நாம் கடையில் காசு கொடுத்து வாங்கிய அந்த இலேசுத்தன்மையை இரும்புத் தகடு போட்டு ஈடுகட்டுகிறோம். எனக்கு இது எப்போதும் சிரிப்பாகத்தான் இருக்கும்.

அடுத்து பேலன்ஸ். ஃப்ளைகேம் வைத்திருப்பவர்களிடம் பேசினால் பேச்சில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும். மேல் தட்டில் இரண்டு திருகுகள். ஒன்று கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும், இன்னொன்று இடவலமாக. கம்பி செங்குத்தாக நிற்கும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருக வேண்டும். பிறகு கம்பியைப் படுக்கைவாட்டில் பிடித்து விட்டுவிட வேண்டும். அது தானாக விழுந்து நேராக வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு விநாடி, இரண்டரை விநாடி என்றால் சரி. டக்கென்று ஒரு விநாடியில் விழுந்தால் கீழே பாரம் அதிகம், நடந்து நின்றதும் தொங்கி ஆடும். நாலு விநாடி எடுத்தால் கீழே பாரம் போதாது, விரலால் தொட்டாலே ஒரு பக்கமாகச் சாய்ந்து அங்கேயே நின்றுவிடும். பாரம் அதிகமென்றால் ஒரு தகட்டைக் கழற்றலாம், போதாதென்றால் கம்பியை அரை இன்ச் நீட்டலாம். நீட்டினால் மறுபடி மேல் திருகு. இதெல்லாம் முடிந்து நிமிரும்போது லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்திருப்பது கண்ணில் படும். கழற்றினால் முன்பக்கம் பாரம் குறைந்து முகம் தூக்கும். மூடியின் எடை சில கிராம்தான், ஆனாலும் தூக்கும். மடக்குத் திரையை வெளியே விரித்தால் இடப்பக்கம் சாயும். வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸில் போட்டால் முன்பக்கம் தொங்கும்.

தோவாளைச் சந்தையில் ஒரு தூண் ஓரமாக நின்று இதைச் செய்துகொண்டிருந்தேன். பிச்சிப்பூவைக் குவித்து வைத்திருந்த ஒரு பாட்டி வெகுநேரம் பார்த்துவிட்டு, “என்ன மக்கா, உன் தராசு நிக்கவே மாட்டேங்குதே, எதையாவது எடை போட்டுத்தான் பாரேன்” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது தராசேதான். தராசு பார்ப்பவனால் அந்த நேரத்தில் வேறு எதையும் பார்க்க முடியாது.

மோட்டார் வகையின் கதை ரொம்பப் புதியது. கையில் பிடிக்கும் பிரஷ்லெஸ் மோட்டார் ஜிம்பலைப் பெரிய அளவில் பேச வைத்தது ஃப்ரீஃப்ளை கம்பெனியின் மோவி எம்10, 2013-ல். விலை 15,000 டாலர். நம்மைப் போன்றவர்கள் யூடியூபில் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கான பொருள். ஐந்தே வருஷத்தில், 2018-ல், டிஜேஐ கம்பெனியின் ரோனின்-எஸ் ஜிம்பல் 699 டாலருக்கு வந்தது. அதன்பிறகு ஜியுன், டிஜேஐ என்று போட்டி போட்டுச் சின்னதாக்கினார்கள். 2023 தொடக்கத்தில் வந்த டிஜேஐயின் ஆர்எஸ் 3 மினி 795 கிராம்தான், இரண்டு கிலோ வரை தாங்கும். என் கேமராவையும் சேர்த்தால் ஒன்றரைக் கிலோவைச் சற்றே தாண்டும். ஃப்ளைகேமில் சுமப்பதில் கிட்டத்தட்டப் பாதி.

மூன்று மோட்டார்கள், மூன்று அச்சுகள்: பேன் (இடவலமாகத் திரும்புவது), டில்ட் (மேலும் கீழும் பார்ப்பது), ரோல் (பக்கவாட்டில் சாய்வது). கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று கைரோ என்ற சென்சார் ஒவ்வொரு நொடியும் பலமுறை அளக்கிறது, மோட்டார் அதற்கு எதிர்ப்பக்கம் அவ்வளவு தள்ளுகிறது. எடையால் அடக்குவதை இது விசையால் அடக்குகிறது. அதனால் கேமரா இலேசாக இருந்தால் இதற்குக் கொண்டாட்டம். இதிலும் பேலன்ஸ் உண்டு: முதலில் லென்ஸை வானம் பார்க்க வைத்து டில்ட், பிறகு முன்பின், பிறகு ரோல், கடைசியாக ஜிம்பலைப் படுக்க வைத்துப் பேன். கேமராவை எந்தக் கோணத்தில் விட்டாலும் அந்தக் கோணத்திலேயே நின்றால் முடிந்தது வேலை. லென்ஸ் மூடி போன்ற சில்லறை வித்தியாசங்களை மோட்டார் தாங்கிக்கொள்ளும். ரொம்பத் தள்ளிப்போனால் மோட்டார் கிர்ரென்று முனகும், அந்த முனகல் கேமரா மைக்கில் விழும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். ஆனாலும் ஷாட் கிடைக்கும். ஃப்ளைகேமில் கிடைக்காது.

இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு, அதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. எது மேல், எது கீழ் என்பதை இரண்டுமே புவியீர்ப்பைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. ஃப்ளைகேமில் கீழ்ப் பாரம் அந்த வேலையைச் செய்கிறது, ஜிம்பலில் உள்ளே இருக்கும் ஆக்சிலரோமீட்டர் செய்கிறது. அதனால் இரண்டும் ஒரே இடத்தில்தான் ஏமாறும். சட்டென்று ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஃப்ளைகேமின் கம்பி பின்தங்கி ஆடும். பைக்கின் பின்னால் உட்கார்ந்து நீளமான வளைவில் போகும்போது ஜிம்பலின் அடிவானம் மெல்லச் சாயும், வளைவு முடிந்து சில விநாடி கழித்து மெல்ல நிமிரும். கைரோ கொஞ்சநேரம் தாக்குப்பிடிப்பதால் ஜிம்பலில் இது குறைவு. இல்லாமல் போவதில்லை.

அப்புறம் நடையில் வரும் ஏற்ற இறக்கம். மூன்று அச்சு ஜிம்பல் திருப்பங்களை மட்டும்தான் திருத்தும். கேமரா மொத்தமாக மேலே போய்க் கீழே வருவதை அது தடுக்காது. படிக்கட்டில் ஏறினால் படம் குதிக்கும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலை வைத்து விரல்வரை பாதத்தை உருட்டி நடக்கப் பழக வேண்டும். கல்யாண மண்டபத்தில் அப்படி நடந்தால் சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே அதேபோல நடந்து காட்டும், பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஃப்ளைகேமில் மூன்று கிலோ தொங்குவதால் நம் முழங்கையே ஸ்பிரிங் வேலை செய்யும், இந்தக் குதிப்பு சற்றுக் குறையும். ஆனால் அந்த முழங்கை எத்தனை நிமிடம் தாங்கும்?

கைகளின் கணக்குதான் என்னைக் கடைசியில் ஜிம்பல் பக்கம் சாய்த்தது. ஃப்ளைகேமுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை கைப்பிடியில். இன்னொரு கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மூட்டுக்குச் சற்றுக் கீழே கம்பியைத் தொட்டும் தொடாமலும் பிடித்திருக்க வேண்டும். கேமரா எங்கே பார்க்க வேண்டும் என்பதை அந்த இரண்டு விரல்கள்தான் சொல்கின்றன. அழுத்தினால் படம் ஆடும், விட்டுவிட்டால் கேமரா தன்போக்கில் திரும்பும். அந்த நேரத்தில் கதவைத் திறக்க முடியாது, எக்ஸ்போஷரை மாற்ற முடியாது, நழுவும் மைக் ரிசீவரைப் பிடிக்க முடியாது. பேசுபவரின் முகத்தைக்கூட முழுதாகப் பார்க்க முடியாது, கண் அடிவானத்திலேயே இருக்கும். என் படங்களில் பேசுபவர்கள் நடிகர்கள் அல்ல. நான் அவர்கள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த வாக்கியம் வரும்.

ஜிம்பல் ஒற்றைக் கையில் நிற்கும். ஓணம் நெருங்கும் வாரத்தில் தோவாளைக்குப் போய்ப் பாருங்கள். விடிவதற்கு முன்பே மலையாள வியாபாரிகளின் வண்டிகள் வந்து நிற்கும். அரளியும் சம்பங்கியும் கேந்தியும் மூட்டை மூட்டையாக இறங்கும், இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. அந்தச் சந்துக்குள் ஃப்ளைகேமின் கீழ்த் தகடு கூடைகளில் இடிக்கும், யார் கால் முட்டியிலாவது படும், ஒருமுறை பட்டால் கம்பி ஆடி அடங்கும்வரை ஷாட் கிடையாது. ஜிம்பலை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, இடக்கையால் சாக்கை ஒதுக்கிக்கொண்டு, “கொஞ்சம் வழி விடுங்கண்ணே” என்று சொல்லிக்கொண்டே போய்விடலாம். மாணிக்கமாலை கட்டுபவரின் விரல்களை நெருங்கும்போது, வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் நொச்சி இலையும் மடிந்து மடிந்து வரிசையில் சேர்வதைப் பார்க்க எனக்குக் கண் மிச்சம் இருக்கிறது. ஃபோகஸ் மயிரிழை அளவே இருக்கும் எஃப் 1.4-ல் அது எங்கே நிற்கிறது என்று திரையில் பார்க்கவும் நேரம் இருக்கிறது.

காற்று இன்னொரு காரணம். தோவாளைக்குப் பக்கத்திலேயே ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலில் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. தென்மேற்குப் பருவத்தில் அங்கே ஃப்ளைகேமை எடுத்து நின்றால், இரண்டு விரலில் நிறுத்தி வைத்திருக்கும் கேமராவைக் காற்று தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். அழுத்திப் பிடித்தால் ஸ்டெபிலைசர் என்ற பெயருக்கே அர்த்தம் இல்லை. ஜிம்பல் மோட்டார் எதிர்த்துத் தள்ளும். பலத்த காற்றில் அதுவும் சன்னமாக நடுங்கத் தொடங்கும், அப்போது ட்ரைபாட்டை விரித்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

‘இரண்டுமே வேண்டாம், கையில் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் சரி செய்துகொள்ளலாமே’ என்று ஒரு கட்சி இருக்கிறது. என் கேமரா கைரோ தகவலை வீடியோவோடு சேர்த்துப் பதிவு செய்யும். சோனியின் கேட்டலிஸ்ட் அல்லது இலவசமாகக் கிடைக்கும் கைரோஃப்ளோ அதை வைத்து ஆட்டத்தை எடுத்துவிடும். பகல் வெளிச்சத்தில் அருமையாக வேலை செய்கிறது, ஓரங்கள் கொஞ்சம் வெட்டுப்படும், அவ்வளவுதான். ஆனால் ஷட்டர் வேகமாக இருக்க வேண்டும். 1/50 விநாடியில் எடுத்தால், கை ஆடியபோது விழுந்த மங்கல் ஒவ்வொரு ஃபிரேமிலும் அப்படியே இருக்கும். ஆட்டத்தை எடுத்த பிறகு, அசையாத படத்தில் காரணமே இல்லாமல் பொருள்கள் மங்கி மங்கித் தெளியும், பார்க்கச் சகிக்காது. சரி, 1/200 வைக்கலாம் என்றால், விடிகாலைச் சந்தை முழுக்க மட்டமான எல்இடி விளக்குகள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் 1/50 அல்லது 1/100-ஐ விட்டு விலகினால் படத்தில் பட்டை ஓடும். வெளிச்சமும் போதாது. அதனால் இருட்டில் எடுப்பவர்கள் மென்பொருளை நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஃப்ளைகேமை விற்கவில்லை. கயிறு திரிக்கும் இடத்துக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன். தென்னந்தோப்புக்குள் நீளமான நடைபாதை, ஒரு முனையில் ராட்டு சுற்றுகிறது, இடுப்பில் கட்டிய தேங்காய் நார்த் தும்பை விரலால் விட்டுக்கொண்டே பெண்கள் பின்பக்கமாக நடந்து போகிறார்கள். முன்னால் இருக்கும் கயிறு நீண்டுகொண்டே போகிறது. அவர்கள் பக்கவாட்டில், அவர்கள் வேகத்திலேயே நானும் நடக்க வேண்டும். தோப்புக்குள் காற்று அடங்கிவிடும், குறுக்கே யாரும் வருவதில்லை, கதவு இல்லை, கூடை இல்லை, பேசுபவரும் இல்லை. ஒரே ஒரு நீண்ட நடை. நடப்பவர் சற்றுத் தாமதித்துத் தும்பைச் சரி செய்தால் என் இரண்டு விரலும் அதே கணத்தில் கேமராவை நிறுத்திவிடும். ஜிம்பலில் ஃபாலோ மோடு, அதாவது கை திரும்பும் பக்கம் கேமராவும் திரும்பும் முறை, எப்போதும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பும். வேகத்தைக் கூட்டலாம், ஆனால் எல்லாப் பேனும் ஒரே மாதிரித் தொடங்கி ஒரே மாதிரி முடியும். எடிட்டிங்கில் உட்காரும்போது அந்த ஒரே மாதிரித்தனம் எனக்குச் சலித்துப் போகிறது. ராட்டுச் சத்தத்தில் மோட்டார் முனகல் கலக்காமல் இருப்பதும் வசதி. அந்த ஒரே மாதிரித்தனத்தை ஜாய்ஸ்டிக்கைத் தொட்டுத் தொட்டுச் சரி செய்கிறவர்கள் உண்டு, எனக்கு அது கைவரவில்லை.

ஃப்ளைகேம் வாங்குவதாக இருந்தால் பழையதாகவே வாங்கலாம், கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை. பார்க்க வேண்டியது அந்த பேரிங் மூட்டு மட்டும். எடை எல்லாம் மாட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கம்பியைச் சுற்றிவிடுங்கள். எங்கேயும் தடங்காமல் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். ஏதாவது ஒரு கோணத்தில் பிடிமானம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது, எண்ணெய் விட்டுச் சரி செய்யலாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். க்ளைட்கேமைப் புதிதாக வரவழைத்தால் சின்ன ஜிம்பல் விலை வந்துவிடும், அந்தக் காசுக்கு நான் வாங்க மாட்டேன்.

பழைய ஜிம்பல் வாங்கும்போது உங்கள் கேமராவைக் கையோடு கொண்டு போங்கள். மினி வகையில் பேட்டரி உள்ளேயே இருக்கும், கழற்றி மாற்ற முடியாது. அதனால் கடைக்காரர் காட்டும் ஐந்து நிமிடத்தில் அதன் ஆயுள் தெரியாது. கேமராவை மாட்டி, பேலன்ஸ் செய்து, ஆன் பண்ணி, அரை மணி நேரம் அவரோடு டீ குடித்துக்கொண்டே கையில் வைத்திருங்கள். எத்தனை சதவீதம் இறங்குகிறது, அடிவானம் தானாகச் சாய்கிறதா, மூன்று அச்சிலும் ஏதாவது மோட்டார் சூடாகிறதா என்று பாருங்கள். கேமராவின் மடக்குத் திரை ஜிம்பல் கையில் இடிக்காமல் முழுதாக விரிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். நிறையப் பேர் வீட்டுக்கு வந்த பிறகுதான் அதைப் பார்க்கிறார்கள்.